விரிசல் மூடிய பின் கிடைத்த வேகம்

சென்ற அத்தியாயத்தில் குரோவேஷியாவின் கூப்பா ஆற்றுப் பள்ளத்தாக்கை 1909 அக்டோபர் 8 அன்று உலுக்கிய நிலநடுக்கத்தையும், அதன் பதிவுகளை வைத்து ஆந்திரியா மொஹொரோவிசிச் போட்ட கணக்கையும் பார்த்தோம். சுமார் 54 கி.மீ. ஆழத்தில் அலையின் வேகம் நொடிக்கு 5.7 கி.மீ.யிலிருந்து 7.7 கி.மீ.க்குத் தாவுகிறது என்று அவர் காட்டினார். அந்த இடத்தில்தான், அவர் பெயரைச் சுருக்கி மோஹோ என்று அழைக்கும் எல்லையில்தான், மேலோடு முடிந்து கவசம் தொடங்குகிறது. பின்னர் விக்டர் கொன்ராட், 1923-இல் ஆஸ்திரிய ஆல்ப்ஸில் நடந்த ஒரு நடுக்கத்தை ஆராய்ந்து, மேலோட்டுக்கு உள்ளேயே இன்னொரு சிறு தாவல் இருப்பதைக் கண்டார். 1930 வாக்கில் நிலநடுக்கவியலாரின் கையில் மூன்று எண்கள் இருந்தன. மேலே 6-ஐ ஒட்டிய வேகம், நடுவில் ஆறரை, அடியில் ஏறக்குறைய 8.

எண்கள் சரி. எந்தக் கல்லின் எண்கள் அவை? மேலே கிரானைட், நடுவில் பசால்ட், அடியில் ஒலிவின் நிறைந்த கனத்த பாறை என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கியிருந்தன. படித்தால் நம்பிக்கை வரும்படிதான் எழுதினார்கள். ஆனால் 30 கி.மீ. ஆழத்தில் இருக்கும் நெருக்கலுக்குள் கிரானைட்டை வைத்து, அதில் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. அந்த அளவு இல்லாதவரை நிலநடுக்கவியலார் சொன்ன வேகமெல்லாம் பெயர் எழுதாத உறைகள்தாம்.

அந்த உறைகளில் பெயர் எழுதியவர்களின் கதை இது. நிலநடுக்கத்தின் கதையைப் போலப் பரபரப்பு இதில் கிடையாது. கட்டைவிரல் பருமனில் கடைந்தெடுத்த ஒரு கல் உருளை, அதை நெருக்க ஒரு தடித்த எஃகுக் கலம், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவி, இவ்வளவுதான் களம். பூமியின் உள்ளமைப்பைப் பற்றி நாம் இன்று உறுதியாகச் சொல்லும் பலவற்றுக்கும் அடிக்கல் இந்தச் சிறிய களத்தில்தான் போடப்பட்டது என்பது என் கருத்து.

முதல் தடை கல்லுக்கு உள்ளேயே இருந்தது. தரையில் கிடக்கும் கிரானைட்டை எடுத்து ஆய்வகத்தில் அளந்தால் வேகம் நொடிக்கு 4 அல்லது 5 கி.மீ. என்று வரும். சில மாதிரிகளில் அதற்கும் கீழே போகும். நிலநடுக்க அலையோ அதே கிரானைட் நிலப்பகுதியின் அடியில் 6 கி.மீ. வேகத்தில் போகிறது. சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கீறல் விழுந்த சட்டி கணீரென்று ஒலிக்காது. கல்லும் அப்படித்தான். ஆழத்தில் உருவான பாறை மேலே வரும்போது அதன் மேலிருந்த சுமை நீங்குகிறது, சூடும் தணிகிறது. குவார்ட்ஸ் ஓர் அளவுக்குச் சுருங்கும், பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் வேறோர் அளவுக்குச் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. கல்லின் மொத்தப் பருமனில் இந்த விரிசல்கள் ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆனாலும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கை அவை தின்றுவிடக்கூடும்.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த லீசன் ஆடம்ஸும் எர்ஸ்கின் வில்லியம்சனும். பாறைகளை நெருக்கினால் எவ்வளவு சுருங்குகின்றன என்று அளந்து 1923-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் கல் எளிதாகச் சுருங்குகிறது. அழுத்தம் ஏற ஏற இறுகிப்போய், பிறகு அதிலுள்ள கனிமங்கள் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவு மட்டும் சுருங்குகிறது. தொடக்கத்துச் சுருக்கம் விரிசல் மூடுவதால் வருவது என்று அவர்கள் சரியாகவே விளக்கினார்கள். அந்த ஆண்டின் முடிவிலேயே வில்லியம்சன் இறந்துபோனார். அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தின் நாயகர் வேறொருவராக இருந்திருக்கலாம்.

நாயகர் வந்தது ஹார்வர்டிலிருந்து. அங்கே புவியியல் பேராசிரியராக இருந்தவர் கனடாவில் பிறந்த ரெஜினால்ட் டேலி. மலையேறிக் கல் பொறுக்குவது மட்டும் போதாது, கல்லை ஆய்வகத்தில் ஆழத்து நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பெர்சி பிரிட்ஜ்மன் இருந்தார். உயர் அழுத்தம் என்றாலே உலகம் அவர் பெயரைச் சொன்ன காலம் அது. அவருக்கு முன்பு அழுத்தத்தை ஏற்றினால் கலத்தின் மூடி ஓரங்களில் கசியும். அதோடு சோதனை முடிந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏற ஏற அடைப்பு அதைவிட அதிகமாக இறுகும்படி ஓர் அமைப்பைப் பிரிட்ஜ்மன் கண்டுபிடித்தார். அதன்பிறகு கசிவு எல்லையாக இருக்கவில்லை. எஃகின் வலிமைதான் எல்லை. இந்தப் பணிக்காக 1946-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

டேலியின் ஆசையையும் பிரிட்ஜ்மனின் கைத்திறனையும் தன்னிடத்தில் சேர்த்தவர் பிரான்சிஸ் பர்ச். 1903-இல் வாஷிங்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் மின் பொறியியல் படித்துவிட்டுத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனார். பிறகு பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் காந்தவியல் அறிஞர் பியர் வெய்ஸிடம் இரண்டாண்டு பணியாற்றிவிட்டு, திரும்பி வந்து பிரிட்ஜ்மனிடம் பாதரசத்தைப் பற்றி ஆய்வு செய்து 1932-இல் முனைவர் பட்டம் பெற்றார். புவியியலை அவர் முறையாகப் படித்ததே இல்லை. அந்த ஆண்டே டேலியின் முயற்சியால் உருவான புவி இயற்பியல் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் டேலி வகித்த அதே பேராசிரியர் பதவியில் அமர்ந்தார்.

1938-இல் டென்னிசன் பான்கிராஃப்ட்டுடன் சேர்ந்து, அழுத்தத்தில் வைத்த பாறை உருளையை முறுக்கி அதிரவைத்து அதன் விறைப்பை அளந்து வெளியிட்டார். 1942-இல் பாறைகளின் இயல்புகள் பற்றி அதுவரை கிடைத்த எண்களையெல்லாம் திரட்டி, வேறு இருவருடன் சேர்ந்து ஒரு கையேடு பதிப்பித்தார். புவி இயற்பியலாளர்களின் மேசையில் பல ஆண்டுகள் இருந்த நூல் அது.

பிறகு போர். பர்ச் கடற்படை அதிகாரியாக லாஸ் அலமோஸுக்குப் போனார். ஹிரோஷிமா மேல் விழுந்த குண்டை உருவாக்கிய பணியில் அவர் பொறுப்பான இடத்தில் இருந்தார். டினியன் தீவில் அது விமானத்தில் ஏற்றப்படும் வரை உடன் இருந்தவர்களில் ஒருவர். கல்லின் விரிசல் மூடுவதை அவ்வளவு பொறுமையாக அளந்த கைகள் இதையும் செய்திருக்கின்றன. வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். போர் முடிந்ததும் அவர் ஹார்வர்டுக்கே திரும்பினார்.

போர் இன்னொன்றையும் விட்டுச்சென்றது. ராடாருக்காக வளர்ந்த மின்னணுவியல் மிகக் குறுகிய துடிப்புகளை உண்டாக்கவும், அவை வந்துசேரும் நேரத்தைத் திரையில் படிக்கவும் கற்றுத்தந்தது. கல்லை முறுக்கி அதிரவைக்கும் சிரமம் இனித் தேவையில்லை. ஒரு முனையில் துடிப்பை அனுப்பி மறுமுனையில் நேரத்தைப் பார்த்தால் போதும். டெக்சாஸில் டேரல் ஹியூஸும் அவருடன் இருந்தவர்களும் 1950 வாக்கிலேயே இந்த முறையில் பாறைகளை அளந்தார்கள். பர்ச் அதை இன்னும் உயர்ந்த அழுத்தத்துக்கும், மிக விரிந்த ஒரு பாறைத் தொகுப்புக்கும் கொண்டுபோனார்.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பாறைத் துண்டிலிருந்து வைர முனைத் துளைப்பானால் இரண்டரை செ.மீ. அளவு விட்டமுள்ள உருளையை எடுப்பார்கள். முடிந்தவரை ஒரே பாறையிலிருந்து ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் மூன்று உருளைகள் எடுப்பது பர்ச்சின் வழக்கம். முனைகளைத் துல்லியமாகத் தேய்த்து இணையாக்க வேண்டும். எடை பார்த்து அடர்த்தியைக் கணக்கிட வேண்டும். பிறகு உருளைக்கு மெல்லிய உலோக உறை போட வேண்டும். இந்த உறைதான் முக்கியம். அது இல்லையென்றால் அழுத்தத்தைச் செலுத்தும் ஊடகம் விரிசலுக்குள் புகுந்து, உள்ளேயிருந்து எதிர்த்துத் தள்ளும், விரிசல் மூடாது. கலத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கல்லோ தரையில் கிடந்த கல்லாகவே இருக்கும்.

உருளையின் இரு முனைகளிலும் அழுத்தமின் படிகங்கள். மின்துடிப்பு கொடுத்தால் ஒன்று அதிரும். அந்த அதிர்வு கல்லுக்குள் ஓடி மறுமுனைப் படிகத்தில் மீண்டும் மின்துடிப்பாகும். 5 செ.மீ. நீளமுள்ள கல்லில் நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஓடும் அலைக்கு ஆகும் நேரம் 8.3 மைக்ரோ விநாடி. ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கையும் விடக் குறைவான நேரத்தைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பர்ச் பாதரசத்தை நாடினார். கல் வழியே ஒரு துடிப்பும், நீளத்தை மாற்றக்கூடிய ஒரு பாதரசப் பாதை வழியே இன்னொரு துடிப்பும் ஒரே நேரத்தில் புறப்படும். திரையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை பாதரசப் பாதையின் நீளத்தை மாற்றுவார்கள். பாதரசத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1.45 கி.மீ. என்பதால், அந்த 8.3 மைக்ரோ விநாடிக்கு 12 மி.மீ. பாதரசம் ஈடாகும். நேரத்தை அளக்கும் வேலை அளவுகோலால் நீளத்தை அளக்கும் வேலையாக மாறிவிட்டது. மாணவப் பருவத்தில் பாதரசத்தோடு பழகியவரின் கையில் அந்தக் கருவி தேர்ந்தது இயல்புதான்.

அழுத்தம் 10 கிலோபார் வரை. காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. கண்டங்களுக்கு அடியில் சுமார் 35 கி.மீ. ஆழத்தில் உள்ள நெருக்கல். முடிவை வரைபடமாகப் போட்டால் கோடு முதலில் செங்குத்தாக ஏறும். இரண்டு கிலோபாருக்குள் கிரானைட்டின் வேகம் 6-ஐத் தொட்டுவிடும். பிறகு கோடு வளைந்து, கிட்டத்தட்ட நேராக, மிக மெதுவாக உயரும். அந்த வளைவுக்கு இடப்பக்கம் இருப்பது விரிசலின் வேகம், வலப்பக்கம் இருப்பது கல்லின் வேகம். நிலநடுக்க அலை ஆழத்தில் சந்திப்பது வலப்பக்கத்தைத்தான்.

1960-இலும் 1961-இலும் இரண்டு பகுதிகளாகக் கட்டுரை வெளிவந்தது. சுமார் 250 மாதிரிகள். அந்த அட்டவணையைப் படிப்பதே ஓர் உலகப் பயணம். ரோட் தீவின் வெஸ்டர்லி கிரானைட், மசாசூசெட்ஸின் குவின்சி கிரானைட், மொன்டானாவின் ஸ்டில்வாட்டர் பாறைகள், தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட், நியூசிலாந்தின் டன் மலை, நார்வே, டாங்கனீகா. அந்த வரிசையில் இரண்டு இந்தியப் பெயர்களும் உண்டு: ஹைதராபாத் கிரானைட், பல்லாவரம் சார்னோக்கைட்.

ஆம், நம் பல்லாவரம்தான். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை முதன்முதலில் கண்டெடுத்த அதே இடம். அதன் கல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கிவைத்த ஜாப் சார்னோக் 1693-இல் இறந்தார். அவர் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இருநூறு ஆண்டு கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை நுண்ணோக்கியில் பார்த்து, பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தான் கண்ட கருநிறக் கல்தான் இது என்று அடையாளம் கண்டு, இறந்தவரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். 1900-இல் இந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்றையும் எழுதினார். இன்று அண்டார்டிகாவிலோ நார்வேயிலோ இந்த வகைப் பாறை கிடைத்தாலும் உலகம் அதைச் சார்னோக்கைட் என்றே அழைக்கிறது.

பர்ச் இதை ஏன் சேர்த்தார் என்பதற்குப் பாறையே பதில் சொல்கிறது. கிரானைட்டில் இருப்பதைப் போலக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இதிலும் உண்டு. ஆனால் சாதாரண கிரானைட்டில் அபிரகம் இருக்கும் இடத்தில் இதில் ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் கனிமம் இருக்கிறது. அபிரகத்தின் கட்டமைப்பில் நீர் உண்டு, பைராக்சீனில் இல்லை. மிகுந்த வெப்பமும் நீர்ப் பஞ்சமும் சேர்ந்தால்தான் இப்படி ஒரு பாறை உண்டாகும். அந்த நிலை மேலோட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. நீலகிரியின் கார்னெட் நிறைந்த சார்னோக்கைட்டுகளில் கனிமங்களின் வேதிக் கூறுகளை வைத்துக் கணக்கிட்டவர்கள், அவை 25 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தில், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த உருவம் பெற்றன என்கிறார்கள். பெரிய கிணறு எதுவும் தொடாத ஆழத்தின் கல் தமிழ்நாட்டில் மலையாக நிற்கிறது. ஜல்லியாக உடைபட்டு லாரியிலும் போகிறது.

அட்டவணை கைக்கு வந்ததும் உறைகளில் பெயர் எழுதிவிடலாம் என்று பலரும் நினைத்தார்கள். பர்ச் அவசரப்படவில்லை. அவர் கண்ட முதல் உண்மை சங்கடமானது: ஒரே வேகத்தைப் பல பாறைகள் தருகின்றன. மோஹோவுக்குக் கீழே உள்ள 8 கி.மீ. வேகத்தை ஒலிவினால் ஆன டூனைட்டும் தரும். கார்னெட்டும் பைராக்சீனும் சேர்ந்த எக்லோகைட்டும் தரும். இது சின்ன விஷயமல்ல. எக்லோகைட் என்பது பசால்ட்டின் அதே வேதிக் கூறுகள் உயர் அழுத்தத்தில் எடுக்கும் உருவம். கீழே இருப்பது எக்லோகைட் என்றால் மோஹோ, ஒரே பொருள் உருமாறும் இடம். டூனைட் போன்ற பாறை என்றால் இரண்டு வேறு பொருள்கள் சந்திக்கும் இடம். பூமியின் முதன்மையான ஓர் எல்லையைப் பற்றிய அந்த வழக்கை வேகத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியவில்லை. 1960-களில் டேவிட் கிரீனும் ஆல்ஃப்ரட் ரிங்வுட்டும் பசால்ட்டை எக்லோகைட்டாக மாற்றும் சோதனைகளைச் செய்த பிறகுதான், கண்டங்களின் அடியில் மோஹோவைப் பொதுவாக உருமாற்றத்தால் விளக்க முடியாது என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

குழப்பத்துக்குள்ளும் பர்ச் ஓர் ஒழுங்கைக் கண்டார். பாறைகளைச் சராசரி அணு எடைப்படி பிரித்து, அடர்த்திக்கு எதிராக வேகத்தைக் குறித்தார். பெரும்பாலான பாறைகளின் சராசரி அணு எடை 20 முதல் 22-க்குள் அடங்கும். ஒரே சராசரி அணு எடையுள்ளவை ஒரே நேர்கோட்டில் விழுந்தன. அடர்த்தி ஏறினால் வேகம் ஏறியது. இரும்பு கூடினால் சராசரி அணு எடை கூடும். அப்போது அதே அடர்த்தியில் வேகம் குறைந்த வேறொரு கோட்டுக்குப் புள்ளி இறங்கியது. பர்ச் விதி என்று இன்று இதை அழைக்கிறார்கள். கையில் தொடக்கூடிய கற்களிலிருந்து கண்ட இந்த உறவு, யாரும் தொட முடியாத கவசத்தையும் கருவையும் பற்றிப் பேச வழி தந்தது. கவசத்தின் வேகமும் அடர்த்தியும் சாதாரணச் சிலிகேட் கோட்டோடு ஒத்துப்போகின்றன. கருவோ இரும்பின் பக்கம் போய் நிற்கிறது, ஆனால் தூய இரும்பைவிடச் சற்று எடை குறைவாக. அந்தக் குறையை நிரப்பும் இலேசான தனிமங்கள் எவை என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

தன் முடிவுகளைப் பற்றிப் பர்ச்சுக்கு இருந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. பூமியின் உள்ளமைப்பைப் பற்றி 1952-இல் எழுதிய பெரிய கட்டுரையில், இந்தத் துறையில் புழங்கும் உறுதியான சொற்களையெல்லாம் வாசகர் பல படி இறக்கிப் படிக்க வேண்டும் என்று ஒரு சிறு பட்டியலே போட்டு எச்சரித்தார். அறுபதாண்டுகளுக்கு மேலாக அந்தப் பட்டியலை மாணவர்கள் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்டவணையில் இன்னொரு செய்தியும் இருந்தது. மூன்று திசை உருளைகள் வெட்டியது வீண்போகவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ட்வின் சிஸ்டர்ஸ் மலை டூனைட்டில் திசைக்குத் திசை வேகம் கணிசமாக மாறியது. அதே 1960-இல் ஆர்.கே. வர்மா ஒலிவின் படிகத்தின் மீள்மை எண்களை அளந்து வெளியிட்டார். அவற்றின்படி ஒரு திசையில் 9.9 கி.மீ. வேகம், இன்னொரு திசையில் 7.7 தான். ஒலிவின் மணிகள் ஒரே பக்கமாக அடுக்கப்பட்டிருந்தால் பாறை முழுவதுமே திசை பார்த்து வேகம் காட்டும். 1964-இல் ஹாரி ஹெஸ், பசிபிக் கடலடிக் கவசத்தில் அலைகள் ஒரு திசையில் வேகமாகவும் அதற்குக் குறுக்கே மெதுவாகவும் போவதை இதைக்கொண்டு விளக்கினார். கடல்தளம் விரிந்து நகரும்போது கவசப் பாறை வழிந்தோடி, ஒலிவின் படிகங்களை ஒரு பக்கமாகத் திருப்பியிருக்கிறது. மலையில் வெட்டிய மூன்று உருளைகள் கடல்தளம் நகர்வதற்குச் சாட்சியாயின.

ஒரே வேகத்தைப் பல பாறைகள் தரும் சிக்கலுக்கு அடுத்த தலைமுறை தேடிய வழி, கல்லைப் பக்கவாட்டில் அசைத்தபடி ஓடும் குறுக்கலை. இதுவரை சொன்னதெல்லாம் முதலில் வந்துசேரும் அமுக்க அலையின் வேகம். பர்ச்சின் ஆய்வகத்தில் ஜீன் சிம்மன்ஸ், அதே 10 கிலோபார் வரை குறுக்கலைகளை அளந்து 1964-இல் வெளியிட்டார். இரண்டு வேகங்களும் கையில் இருந்தால் அவற்றின் விகிதம் தனிச் செய்தி சொல்லும். குவார்ட்ஸில் அமுக்க அலை அவ்வளவு விரைவில்லை, குறுக்கலையோ அதற்கு மிக விரைவு. இரண்டு வேகங்களையும் வைத்துக் கணக்கிடும் பாய்சான் விகிதம் குவார்ட்ஸுக்கு 0.08 அளவில் மிகத் தாழ்ந்து நிற்கும். ஃபெல்ட்ஸ்பாருக்கும் பைராக்சீனுக்கும் அது வெகு உயரம். ஆகவே அமுக்க அலை ஒன்றாகவே இருக்கும் இரண்டு பாறைகளில் குவார்ட்ஸ் மிகுந்தது எது என்று குறுக்கலை காட்டிக்கொடுக்கும். நீர் புகுந்து செர்பென்டினாக மாறிய பாறை எதிர்ப்பக்கம் வெகுதூரம் போய்விடும்.

இந்த வழியில் வெகுதூரம் நடந்தவர் நிக்கோலஸ் கிறிஸ்டென்சன். பர்ச்சிடம் பயின்று, பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் பாறைகளை அளப்பதிலேயே செலவிட்டவர். 1975-இல் அவரும் டேவிட் ஃபவுண்டனும், மிகுந்த வெப்பத்தில் உருமாறிய கிரானுலைட் பாறைகளின் வேகங்களை வெளியிட்டு, கண்ட மேலோட்டின் கீழ்ப்பகுதிக்குப் பசால்ட் வேண்டியதில்லை, சார்னோக்கைட் வகைக் கிரானுலைட்டுகள் அந்த வேகத்தைத் தரும் என்று காட்டினார்கள். கிரானைட் மேலே பசால்ட் கீழே என்ற பாடநூல் படத்தின் மேல் விழுந்த பலத்த அடி அது. அடுத்த ஆண்டு ஃபவுண்டன் இத்தாலிய ஆல்ப்ஸின் இவ்ரியா பகுதிக்குப் போனார். அங்கே ஆப்பிரிக்கப் பக்கத்துத் தட்டு ஐரோப்பாவை நெருக்கியதில் மேலோட்டின் ஒரு வெட்டுத்துண்டு பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்திருக்கிறது. மேலடுக்கிலிருந்து கவசப் பாறை வரை நடந்தே கடக்கலாம். நடந்து மாதிரி எடுத்து, அழுத்தத்தில் அளந்து, ஒரு கண்டத்தின் வேகப் படத்தை மேலிருந்து கீழாக வரைந்தார். துளைக்கிணறு இல்லாமலே மோஹோ வரை போன பயணம் அது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். பர்ச்சின் அளவுகள் அறை வெப்பத்தில் செய்தவை, ஆழமோ கொதிக்கிறது. ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்ட்மூட் கெர்ன், 43 மி.மீ. பக்கமுள்ள கனசதுரக் கல்லை ஆறு பக்கத்திலிருந்தும் உந்துதண்டுகளால் நெருக்கி, கூடவே சூடேற்றி, மூன்று திசைகளிலும் இரு வகை அலைகளையும் ஒரே நேரத்தில் அளக்கும் கருவியை வைத்திருந்தார். நூறு டிகிரி ஏறினால் வேகம் நொடிக்குச் சில பத்து மீட்டர் குறைகிறது. ஆழத்தின் அழுத்தம் தரும் சிறு ஏற்றத்தை வெப்பம் பெருமளவு விழுங்கிவிடுகிறது. குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் மட்டும், அந்தக் கனிமம் உருமாறும் வெப்பநிலையை நெருங்கும்போது வேகம் சட்டெனச் சரிந்து மீண்டும் எழுகிறது.

1995-இல் கிறிஸ்டென்சனும் வால்டர் மூனியும் இந்த முப்பத்தைந்து ஆண்டு உழைப்பை ஒரே கட்டுரையில் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் உலகக் கண்டங்களில் எடுத்த நிலநடுக்க அளவுகள். மறுபக்கம் 29 பாறை வகைகளின் ஆய்வக அளவுகள். கண்ட மேலோட்டின் சராசரி வேகம் நொடிக்கு 6.45 கி.மீ., சராசரி அடர்த்தி 2.83 என்று கணக்கு வந்தது. மேலோட்டின் நடுப்பகுதி நைஸ், ஆம்ஃபிபோலைட். அடிப்பகுதி கிரானுலைட், அதுவும் கீழே போகப் போகக் கார்னெட் கூடியது. நான் இந்த முடிவை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: சராசரி என்பது எந்த ஊரின் அடியிலும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் அதனதன் கல்லை எடுத்து அளந்துதான் பெயர் எழுத வேண்டும்.

இத்தனை பேர் மேலேயிருந்து ஊகித்ததைக் கீழே இறங்கிச் சரிபார்க்க சோவியத் ரஷ்யா 1970 மே 24 அன்று கோலா தீபகற்பத்தில் துளையிடத் தொடங்கியது. 7 கி.மீ. ஆழத்தில் பசால்ட் வரும் என்று எதிர்பார்த்து இறங்கினார்கள். வந்தது பசால்ட் அல்ல. 1989-இல் 12,262 மீட்டரில் அந்தத் துளை நின்றது. மேலே வந்த கல்லில் சுமை நீங்கியதும் புதிய விரிசல்கள் விழுந்தன. அவற்றை மூடி அளக்க ஆய்வகத்தின் அதே எஃகுக் கலம்தான் மறுபடி தேவைப்பட்டது. கோலாவின் கதையும், ஜெர்மனி பவேரியாவில் 9,101 மீட்டர் வரை துளைத்த கதையும் அடுத்த அத்தியாயத்தில்.

அதற்குள் சென்னை வாசகர்கள் ஒருமுறை பரங்கிமலைக்குப் போய்வாருங்கள். அங்கே உள்ள சார்னோக்கைட் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அந்தக் கல் மேலோட்டின் அடியிலிருந்து வந்தது என்று சொல்லி, அதைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.